பூவரசந்தூள்

மெயின் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையும் பிடுங்கிக் கண்ணுக்கு எதிரே வைத்துக்கொண்ட பிறகுதான் ரம்பத்துக்குப் பக்கத்தில் கை போக வேண்டும் என்பது குழந்தைவேலு தனக்குத்தானே போட்டுக்கொண்ட சட்டம். அந்தச் சட்டத்தை அவர் ஒருநாளும் மீறியதில்லை. மீறுகிற அளவுக்கு அந்த மெஷினில் அவர் அப்படியொன்றும் அறுத்துத் தள்ளியதும் இல்லை, அது வேறு விஷயம். பம்பு செட் கம்பெனியில் பர்ச்சேஸ் பிரிவில் உட்கார்ந்து, காலம் பூரா அடுத்தவன் செய்த சாமானுக்கு விலை பேசியே தேய்ந்துபோன மனுஷன், விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வந்ததும் இனிமேலாவது தன் கையால் ஏதாவது செய்து பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, மூடிவிட்ட ஃபர்னிச்சர் கடை ஒன்றிலிருந்து இந்த டேபிள் ரம்பத்தை வாங்கி வந்து கார் ஷெட்டில் நிறுத்தினார். கார் தெருவுக்குப் போயிற்று. “மெஷினு நெழல்ல நிக்குது, காரு வெயில்ல காயுது, நல்லா இருக்குது உங்க நாயம்” என்று கோகிலவாணி அன்றைக்குச் சொன்னதோடு சரி, அப்புறம் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசாமல் ஞாயிற்றுக்கிழமைதோறும் காப்பி டம்ளரோடு ஷெட் கதவில் வந்து நிற்பாள். அவர் மெஷினைத் துடைப்பார், நட்டு முடுக்குவார், ஸ்கேல் வைத்து அளப்பார், ஒவ்வொன்றையும் ஏன் செய்கிறோம் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே செய்வார், அது அவர் பழக்கம். அவள் காப்பி ஆறுகிறவரை நின்றுவிட்டுப் போய்விடுவாள். இன்றைக்கு அவள் வரவில்லை. அடுப்படியிலிருந்து குரல் மட்டும் வந்தது: “ஏனுங், சுடுதண்ணி கொதிச்சிருச்சு. சோடா உப்பு அலமாரில இருக்குது. சமைக்கற பாத்திரத்துல வேண்டாங்க, அந்த நசுங்குன தாம்பாளத்த எடுத்துக்கங்க.” அவர் தாம்பாளத்தை எடுத்துக்கொண்டு வந்து, ஊற்றி, கலக்கி வைத்தார். அதுவரைக்கும் எல்லாம் வழக்கம்போலத்தான் இருந்தது.

துரு இருக்கும் என்று நினைத்துத்தான் வந்தார். அதற்குப் பயந்துதான் ஊரிலிருந்து வந்தும் இத்தனை நாள் ஷெட்டைத் திறக்காமல் இருந்தார். கோபியில் அக்கா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டதில் ஐப்பசி முழுக்க அங்கே கிடக்க வேண்டியதாகிவிட்டது. ஆஸ்பத்திரி வராந்தாவில் மழைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருந்தபோதெல்லாம், இந்நேரம் மெஷினின் இரும்பு மேஜை செம்மண் பூசின மாதிரி ஆகியிருக்கும், ஒரு மெழுகுகூடத் தேய்க்காமல் வந்தோமே என்று அக்காவின் இடுப்பைவிட அந்த இரும்பை நினைத்துத்தான் அவருக்குத் தூக்கம் போயிற்று. இப்போது பார்த்தால் துரு ஒரு பொட்டு இல்லை. கறுகறுவென்று மின்னுகிறது. விரலால் வழித்து மோந்து பார்த்தார். நல்லெண்ணெய். மெஷினுக்கு யாராவது நல்லெண்ணெய் தடவுவார்களா? தூள் ஒட்டிக்கொள்ளும், பிசுக்குப் பிடிக்கும், மெழுகுவத்தியைத்தான் தேய்க்க வேண்டும் என்று நூறு தடவை சொல்லியிருப்பார். காலடியில் குனிந்து பார்த்தால், தோசைக்கல்லில் எண்ணெய் தடவுவதற்குத் துணியைச் சுருட்டிக் குச்சியில் கட்டி வைத்திருப்பாளே, அந்த மாதிரி ஒன்று மெஷினின் காலுக்கிடையில் கிடந்தது. ஆக, கோகிலாவுடைய வேலை. வார்ப்பிரும்பைக் கண்டதும் தோசைக்கல் என்று நினைத்துத் தடவிவிட்டிருக்கிறாள். அவருக்குச் சிரிப்புக்கூட வந்தது, தன்மேல் தடவின மாதிரி ஒரு குளிர்ச்சியும் வந்தது, நாம் இல்லாதபோது நம்முடைய சாமானை நினைத்துப் பார்த்திருக்கிறாளே என்று. ஆனால் அந்தச் சந்தோஷம் மூச்சு விடுகிற நேரம்கூட நிலைக்கவில்லை. துணி எதற்காக உள்ளே வந்தது? அவளுக்கு ஷெட்டில் என்ன வேலை? சாவி பிஸ்கட் டப்பாவுக்குள் கிடக்கும், அது அவளுக்குத் தெரியும், அவளைத் தவிர வேறு யாருக்கும் தெரியாது. அவள் திறந்திருக்கிறாள். யாருக்காகத் திறந்தாள் என்று மனசு கேட்ட பிறகுதான் அவருக்கே உறைத்தது, எதற்காக என்று கேட்கவில்லை, யாருக்காக என்று கேட்கிறோம் என்பது.

அப்போதுதான் ஃபென்ஸைப் பார்த்தார். பலகை கோணாமல் நேராகப் போவதற்கு அணைப்பாக நிற்கிற இரும்புச் சட்டம் அது. பிளேடுக்கு வலது பக்கத்தில் நிற்க வேண்டும், வலது கையால் தள்ளுகிறவனுக்கு அதுதான் தோது. அவர் மெஷின் வாங்கின நாளிலிருந்து அது வலது பக்கத்தில்தான் நின்றது. இப்போது இடது பக்கத்தில் நின்றது. தானாக நகர்ந்து போகிற பொருள் இல்லை அது, லிவரைத் தளர்த்தித் தூக்கிப் பிளேடைத் தாண்டி வைத்தால்தான் போகும். இடது கையால் தள்ளுகிறவன் வைத்திருக்கிறான். இடது கைக்காரன். இந்தத் தெருவில், அவருக்குத் தெரிந்த மனுஷரில், இடது கைக்காரன் ஒரே ஒருத்தன். மதிலுக்கு அந்தப்பக்கத்து வீட்டு தீனதயாளன். ஸ்கூலில் பி.டி. மாஸ்டர், கல்யாணமே பண்ணிக்கொள்ளாத தடியன், நாற்பதைத் தாண்டியும் வயிறு போடாதவன், கோகிலாவை அக்கா என்றும் அவரை அண்ணா என்றும் கூப்பிடுகிறவன். அக்காவாம். போன வருஷம் எதிர்மைதானத்தில் தெருக்காரர்கள் கிரிக்கெட் ஆடினபோது மொட்டைமாடியில் வத்தல் காயப்போட வந்தவள், காயப்போடுவதை விட்டுவிட்டுக் கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்று பார்த்தாள். அவன் ஓடிவந்து பந்து போடுகிறான். “எடது கையில போடறது பாக்கறதுக்கே ஒரு அழகுதானுங்க” என்றாள். இவர் வலது கையால் வத்தலைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். அந்த வார்த்தையை இவர் மறக்கவில்லை. மறந்துவிட்டோம் என்று நினைத்திருந்தார், அவ்வளவுதான். இப்போது ஃபென்ஸைப் பார்த்ததும் அந்த வார்த்தை, அந்த வெயில், அவளுடைய முகத்தில் அன்றைக்கு இருந்த ஒரு மாதிரியான வெளிச்சம், எல்லாம் சொல்லி வைத்த மாதிரி வந்து நின்றன.

சே, என்ன புத்தி இது, என்று தன்னையே அதட்டிக்கொண்டு ஸ்பேனரை எடுத்தார். அறுக்கிற இடத்தைச் சுற்றியிருக்கிற தகட்டைக் கழற்றி வைத்தார். பிளேடு அசையாமல் இருக்க ஒரு கட்டையை முட்டுக் கொடுத்துவிட்டு நட்டைத் திருப்பினார், திருகத் திருக இறுகிற்று. இந்த மெஷினுக்கு நட்டு எதிர்ப்பக்கம் கழலும், ஒவ்வொரு தடவையும் இவர் முதலில் தப்பாகத்தான் திருப்புவார், ஒவ்வொரு தடவையும் மெஷினைத் திட்டுவார். “உனக்கு மட்டும் என்னடா தனிக் கெரகம்” என்று இன்றைக்கும் திட்டினார், ஆனால் திட்டு மெஷினுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று சொல்ல முடியாது. பிளேடைக் கழற்றித் தாம்பாளத்துச் சோடாத் தண்ணீரில் இறக்கினார். பல்லெல்லாம் பிசின் ஏறிக் கறுத்திருந்தது. இவர் அறுத்த மாமரத்துக்கும் பேக்கிங் கட்டைக்கும் இவ்வளவு பிசின் ஏறாது. பிறகு மேஜைக்கு அடியில் குனிந்து பெட்டிக் கதவைத் திறந்தார். தூள் குவிந்து கிடந்தது. பிரஷ்ஷால் வழிக்கப் போனவர் கை அப்படியே நின்றுவிட்டது. அடியில் இருக்கிற தூள் வெள்ளை வெளேரென்று அவருடைய தூள், மாமரத் தூள். அதற்கு மேலே, ரவைமேல் நாட்டுச்சர்க்கரையைக் கொட்டின மாதிரி, கரும்பழுப்பாக வேறொரு தூள் கெட்டியாகப் படிந்திருந்தது. ஒரு சிட்டிகை எடுத்து உள்ளங்கையில் தேய்த்தார். செக்கச்செவேலென்று ஒட்டிற்று. பூவரசு. அவர் இன்றுவரை பூவரசை இந்த மெஷினில் அறுத்ததில்லை. அறுக்க மனசு வந்ததில்லை. பொங்கலூர்ச் சிநேகிதன் தோட்டத்தில் விழுந்த மரத்தில் ஒரே ஒரு பலகை, ஒரு பிளவு இல்லாமல், நடுவில் நாவல்பழ நிறத்தில் ரேகை ஓடுகிற பலகை, அதைச் சாக்கு போட்டுச் சுற்றி ஷெட் மூலையில் இருக்கிற பழைய பீரோவுக்குப் பின்னால் நிறுத்தி வைத்திருக்கிறார். தனக்கு ஒரு நாற்காலி செய்துகொள்ளலாம் என்று. என்றைக்காவது கை நன்றாகப் பழகின பிறகு. குனிந்தபடியே பீரோப் பக்கம் பார்த்தார், எழுந்து போனார், சாக்கை விலக்கினார். பலகை இருந்தது, ஆனால் அவர் நெஞ்சுயரத்துக்கு நின்றது இப்போது இடுப்புக்குத்தான் நின்றது. அறுத்த இடம் சுத்தமாக, கண்ணாடி மாதிரி, ஒரு சிலும்பு இல்லாமல் இருந்தது. அதுதான் அவரை ரொம்பவும் வதைத்தது. கன்னாபின்னாவென்று அறுத்திருந்தால்கூட மன்னித்திருப்பார்.

அடுப்படியில் ஒரு குட்டை ஸ்டூல் இருக்கிறது. நீல நிறம். அவர் கோபியிலிருந்து வந்த அன்றைக்கு அதன்மேல் உட்கார்ந்துதான் கோகிலா காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். முழங்கால் வலி, தரையில் உட்கார முடியவில்லை, ஒரு குட்டை ஸ்டூல் பண்ணித் தாங்க என்று அவள் அவரிடம் கேட்டது மெஷின் வந்த புதிதில். “பண்ணலாம், அவசரமென்ன?” என்றார் அவர். போன வருஷத் தீபாவளிக்குக் கேட்டாள், “பண்ணலாம், அவசரமென்ன?” என்றார். அதற்கப்புறம் கேட்டாளா என்று ஞாபகமில்லை, கேட்டிருந்தால் அதையேதான் சொல்லியிருப்பார். ஊரிலிருந்து வந்து பையைக்கூட இறக்காமல் அந்த ஸ்டூலைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். மூலையெல்லாம் இறுக்கமாகப் பொருந்தியிருந்தது. கால்கள் கொஞ்சம் வெளியே சாய்ந்து, ஆட்டிப் பார்த்தால் அசையாமல், யாரோ நெஞ்சு நிமிர்த்திக்கொண்டு செய்த மாதிரி இருந்தது. அடியில் பிரஷ் எட்டாத மூலையில் மரம் கரும்பழுப்பாகத் தெரிந்தது, கண்ணில் பட்டது, புத்தியில் படவில்லை. “தீனா குடுத்தானா?” என்று கேட்டார், வேறு யார் கொடுக்கப்போகிறார்கள், தோட்டத்து முருங்கைக்காயிலிருந்து ஸ்கூல் காலண்டர் வரைக்கும் மதில்மேல் நீட்டுகிறவன் அவன்தானே. அவள் சிரித்தாள். ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. “நல்லா இருக்குதுங்களா, அதச் சொல்லுங்க” என்றாள். “பரவால்ல. பெயின்ட்டு அடிக்கத் தெரியல” என்றார். அந்தச் சிரிப்பு இப்போது புரிந்தது. அடப்பாவி மகனே. என்னுடைய மெஷினில், என்னுடைய பலகையை, என்னுடைய பெண்டாட்டி சாவி எடுத்துக் கொடுக்க, என்னுடைய பெண்டாட்டிக்கு நீ ஸ்டூல் பண்ணிக் கொடுத்தாயா? எனக்கு மனசு வராத இடத்தில் உனக்குக் கை வந்ததா? அவள் எங்கே நின்றிருப்பாள்? கதவில்தான். காப்பி டம்ளரோடு. என் இடத்தில் அவன், அவள் இடத்தில் அவளே. இல்லை, கதவில் நின்றிருக்கமாட்டாள், உள்ளேயே வந்திருப்பாள், தூள் பறக்கும், தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டிருப்பாள், அவன் பனியனோடு நின்றிருப்பான், புறங்கையெல்லாம் பூவரசந்தூள் செந்தூரம் மாதிரி. சத்தத்தில் பேச்சு கேட்காது, அதனால் கிட்ட வந்து காதோடு சொல்லியிருப்பாள். என்ன சொல்லியிருப்பாள்? எங்க வீட்டுக்காரருக்கு வராதுங்க என்றுதானே? பொறாமை என்றால் கொதிக்கும் என்பார்கள், அவருக்குக் கொதிக்கவில்லை, ஆறிப்போன காப்பி மாதிரி ஆடை கட்டிக்கொண்டு தொண்டையில் நின்றது.

தாம்பாளத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் ஒவ்வொரு பல்லாகத் தேய்க்க ஆரம்பித்தார். ரம்பத்துக்குப் பல் தேய்க்கிறீங்களா என்று கோகிலா கேலி பண்ணுவாள். தேய்க்கத் தேய்க்கப் பிசின் கரைந்து தண்ணீர் டீ நிறமாயிற்று. கையில் ஒரு வேலை இருந்தால் மனசு அடங்கும் என்று நினைத்தார், மனசு பிளேடு மாதிரியே சுற்றிற்று, ஒரு பல்லைத் தாண்டி அடுத்த பல், அப்புறம் அதே பல். கேட்டுவிடலாம். என்னவென்று கேட்பது? பலகை எங்கே என்று கேட்டால், அற்பம், பலகைக்குப் போய்ச் சண்டை போடுகிறாரே என்பாள். தீனா உள்ளே வந்தானா என்று கேட்டால், அவள் பார்ப்பாள். அந்தப் பார்வையை நினைத்தே அவருக்கு வேர்த்தது. இத்தனை வருஷத்தில் ஒருநாள் அந்தக் கேள்வியை அவளிடம் கேட்டதில்லை, கேட்கும்படி அவளும் வைத்துக்கொண்டதில்லை, கேட்டுவிட்டால் அப்புறம் கேட்காத காலம் திரும்ப வராது. கேட்காமல் இருந்தால்? கேட்காமல் இருந்தால் தினமும் அந்த நீல ஸ்டூலைப் பார்த்துக்கொண்டு சாப்பிட வேண்டும். ஒரே மகள் கல்யாணமாகி ஓசூர் போய்விட்டாள், வீட்டில் இவர்கள் இரண்டு பேர், இடையில் ஒரு ஸ்டூல். அவர் பல்லைத் தேய்த்த வேகத்தில் விரல் நுனியில் ஒரு பல் கீறிவிட்டது. ஒரு சொட்டு ரத்தம், டீத்தண்ணீரில் விழுந்து காணாமல் போயிற்று. “அண்ணா, சர்வீஸுங்களா?” என்று மதிலுக்கு மேலே குரல் கேட்டது. நிமிர்ந்தார். தீனதயாளனின் தலையும் தோளும், இடது கையில் ஈரத்துண்டு. கொடியில் காயப்போட வந்திருக்கிறான். “ம்” என்றார். “சூப்பர் மெஷினுங்ணா. பலகை வெண்ணெயாட்டப் போகுதுங்க” என்றான். உனக்கு எப்படியடா தெரியும் வெண்ணெயாட்டம் போகும் என்று கேட்க வாயெடுத்தவர், “சாப்டாச்சா?” என்று கேட்டார். “இல்லீங்ணா, இனிமேத்தான். அக்கா கொழம்பு குடுக்கறேன்னாங்க” என்று சிரித்துவிட்டு, துண்டை உதறிப் போட்டுவிட்டுப் போனான். குழம்பு. குழம்பு வேறு போகிறதா. குற்றவாளிக்கு ஒரு பயம் வேண்டாமா, ஒரு தடுமாற்றம் வேண்டாமா? தைரியமாக ஒப்புக்கொண்டுவிட்டுத் துண்டு காயப்போடுகிறான்.

பிளேடைத் துடைத்தார், ஈரம் நின்றால் துரு, வெயிலில் காட்டித் திரும்பவும் துடைத்தார். பெட்டிக்குள் இருந்த தூளை வாரி முறத்தில் கொட்டினார், வெள்ளையும் பழுப்பும் கலந்து ஒன்றாயிற்று, கலக்காமல் வைத்திருக்கலாமே, சாட்சியாயிற்றே என்று ஒரு எண்ணம் வந்தது, போடா பைத்தியக்காரா என்று சொல்லிக்கொண்டார். மேஜை எண்ணெயை மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து எடுத்தார், கோகிலாவின் வாசம் போயிற்று, போனதில் ஒரு சின்னக் குரூரமான திருப்தி, உடனே ஒரு வருத்தம். மெழுகுவத்தியை எடுத்துப் பரபரவென்று தேய்த்தார். பிளேடை மாட்டி நட்டை முடுக்கினார், இந்தத் தடவை சரியான பக்கம் திருப்பினார். ஸ்கேலை வைத்து அளந்தார், மயிரிழை பிசகவில்லை. ஆணியில் அவருடைய தள்ளுகட்டை தொங்கியது. விரல் போய்விடக்கூடாது என்று பலகையின் வாலைத் தள்ளுவதற்கு வைத்திருக்கிற பிளைவுட் துண்டு, அவசரத்துக்கு வெட்டினது, நாய் கடித்த பிஸ்கட் மாதிரி இருக்கும். அதற்குப் பின்னால், அதே ஆணியில், இன்னொன்று தொங்கியதை இப்போதுதான் பார்த்தார். பூவரசு. வாய் பிளந்த மீன் மாதிரி வளைந்து, விளிம்பெல்லாம் உப்புத்தாள் போட்டு இழைத்து, கட்டை விரல் படிகிற இடத்தில் ஒரு குழிவு எடுத்திருந்தது. இதையும் செய்திருக்கிறான் பாவி, தன் கைக்கென்று தனியாக. கையில் எடுத்தார். வலது கையில் பிடித்தால் குழிவு எதிர்ப்பக்கம் போயிற்று. இடது கைக்கு மாற்றினார். கட்டை விரல் சரியாகப் போய்ப் படிந்தது, அந்த லாவகத்தில் அவருக்கு மறுபடியும் எரிந்தது. ஆனால் சுண்டு விரலுக்கு இடமில்லை. வெளியே தொங்கியது. இறுக்கிப் பிடித்துப் பார்த்தார், மோதிர விரலும் பாதிதான் உள்ளே நின்றது. பொங்கலன்றைக்கு தீனா கை குலுக்கினான், இவருடைய கை அந்தக் கைக்குள் காணாமலே போயிற்று, அப்பேர்ப்பட்ட கை அது, முறம் மாதிரி. அந்தக் கைக்கு இது பல்குச்சி. இது ஒரு சின்னக் கை. இடது கை, ஆனால் சின்னக் கை. அவருக்குப் புரிந்துவிடும்போல இருந்தது, புரிந்துகொள்ள மனசு இடம் கொடுக்கவில்லை, அத்தனை நேரம் பாடுபட்டுக் கட்டின கோபத்தை விட்டுக்கொடுக்க ஒரு லோபித்தனம். வேறு யாராவது வந்திருப்பார்கள், தீனாவின் ஸ்கூல் பிள்ளை எவனாவது, என்று மனசு என்னவெல்லாமோ சொல்லிப் பார்த்தது. பிறகு அதற்கும் சொல்ல ஒன்றும் இல்லாமல் போயிற்று. தள்ளுகட்டையைக் கையில் வைத்துக்கொண்டே செருப்புப் போடாமல் அடுப்படிக்கு நடந்தார்.

அவள் கதவுக்கு முதுகைக் காட்டி ஸ்டூலில் உட்கார்ந்து வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மழைச்சத்தம் மாதிரி சீராக விழுந்தது கத்தி. வில்லைகள் ஒவ்வொன்றும் அப்பளத்தைவிட மெல்லிசாக, ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து விழுந்தன. கத்தி இடது கையில் இருந்தது. அவர் நிலைப்படியில் கால் வைத்த ஓசைக்கு, திரும்பிக்கூடப் பார்க்காமல், கத்தி வலது கைக்கு மாறிற்று. அந்த மாற்றத்தில் ஒரு அவசரமும் இல்லை, ஆள் வரும்போது தலைப்பை இழுத்து விட்டுக்கொள்வதைப் போல, அவளுக்கே தெரியாமல் நடந்தது. அதற்குப் பிறகு விழுந்த வில்லைகள் கொஞ்சம் தடிமனாக விழுந்தன. இத்தனை வருஷமும் அவர் தட்டில் விழுந்தவை அந்தத் தடிமனான வில்லைகள்தான். கல்யாணமான புதிதில் முதன்முதலாக அவள் பந்தியில் பரிமாற வந்தபோது அவருடைய அம்மா கரண்டிக் காம்பால் அவள் மணிக்கட்டில் படீரென்று ஒன்று வைத்தாள், ரொம்பத் தாராளமாக அள்ளிப் போடுகிறாள் என்று அடிக்கிறாள்போல என்று நினைத்துக்கொண்டு இவர் பாட்டுக்குச் சாப்பிட்டார். எந்தக் கை என்று அன்றைக்குப் பார்க்கவில்லை. அதற்கப்புறம் பார்ப்பதற்கு அவள் வைக்கவில்லை.

“கோகிலா” என்றார். தள்ளுகட்டையை நீட்டினார். அவள் திரும்பி அதைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், அவர் விரலில் ரத்தக் கீறலைப் பார்த்தாள். “கண்டுபுடிச்சிட்டீங்களா” என்றாள், திருடு போன சாமானைக் கண்டுபிடித்தவரிடம் கேட்கிற மாதிரி. “பலகைய எடுத்ததுக்குத் திட்டுவீங்கன்னு தெரியும். முட்டி தாங்கலீங்க. நீங்க வர்றதுக்கு நாளாகும்னு உங்க அக்கா போன்ல சொன்னாங்க.” அவர் கட்டையைத் திருப்பிப் பார்த்தார். “யாரு சொல்லிக் குடுத்தது?” “நீங்கதானுங்க. வாரந்தவறாம கதவுல நின்னு வேறென்னத்தப் பாத்தேன்? பிளக்கப் புடுங்கிக் கண்ணு முன்னால வெச்சுக்கோணும்னு சொல்லுவீங்களே, அதையுங்கூடத்தான் செஞ்சேன்.” சந்தோஷப்பட வேண்டிய இடம் அது, பெருமைப்பட வேண்டிய இடம். ஆனால் வாய் அதைக் கேட்காமல் வேறொன்றைக் கேட்டது. “அவன் வந்தானா?” “எவன்?” “தீனா.” “ஆமாங்க” என்றாள் சாதாரணமாக. “பலகை நீட்டமாச்சே, கடைசியப் புடிக்க ஒரு ஆளு வேணுமில்ல. வந்து புடிச்சுது. நான் தள்ளறதப் பாத்துட்டு, ‘அக்கா, நீங்களும் எங்க கட்சிதானா’ன்னு கேட்டுது பாருங்க, எனக்கு ஒரே கூச்சமாப் போச்சு.” சொல்லும்போது அவள் முகத்தில் அந்த மொட்டைமாடி வெளிச்சம் வந்தது. அவர் ஸ்டூலைப் பற்றி, பலகையைப் பற்றிப் பொறாமைப்பட்டது எல்லாம் இப்போது ஒன்றுமில்லாமல் போய், அதைவிடப் பெரியது ஒன்று வந்து நெஞ்சில் உட்கார்ந்தது. பலகையின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்ற நேரத்தில் அவன் பார்த்துவிட்டான். “எங்கிட்ட ஏன் சொல்லல?” என்று கேட்டார், குரல் அவருக்கே பிடிக்கவில்லை. “தீனா குடுத்தானான்னுதானுங்க கேட்டீங்க” என்றாள் அவள். “நீ பண்ணுனயான்னு கேக்கலயே.”

குக்கர் சத்தம் போட்டது. அவள் எழுந்து அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து மறுபடியும் அதே ஸ்டூலில் உட்கார்ந்தாள். “ரம்பத்த மாட்டியாச்சுங்களா? அந்த ஃபென்ஸ மாத்திராதீங்க, அங்கயே இருக்கட்டும். தீனா தம்பி ஷூ போடறதுக்கு ஒரு ஸ்டூல் கேட்டிருக்குது. மிச்சப் பலகைல வந்துரும்னு நெனைக்கறேன்.” மிச்சப் பலகை. அவருடைய நாற்காலி. அது போகட்டும், நாற்காலி அவருக்கு எந்த ஜென்மத்திலும் வரப்போவதில்லை என்பது அவருக்கு எப்போதோ தெரியும். ஆனால் அவனுக்கு ஒரு ஸ்டூல், இந்தக் கையால், இந்த இடது கையால், அவன் முதலில் பார்த்த கையால். குழந்தைவேலு சுவரில் சாய்ந்துகொண்டார். தள்ளுகட்டையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார், அந்தக் கையிலிருந்து இந்தக் கைக்கு மாற்றினார். “எனக்கு?” என்றார். அவள் நிமிர்ந்தாள். “எனக்கும் ஒண்ணு பண்ணிக் குடு, கோகிலா. மொதல்ல எனக்கு.” அவள் கத்தியை எடுத்தாள். வலது கையில்தான் எடுத்தாள். அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதை இடது கைக்கு மாற்றி, வெள்ளரிக்காயைத் திருப்பி வைத்து, மெல்லிசாக ஒரு வில்லை அறுத்தாள்.

“பண்ணலாங்க” என்றாள். “அவசரமென்ன?”